எலியட் கவுண்டி 2016-ல் மாறவில்லை, அதற்கு முன்பே நழுவத் தொடங்கிவிட்டது

கேள்வி இது: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எலியட் கவுண்டி (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) என்ற சின்ன மலைப்பகுதி, 140 வருஷமாக ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் டெமாக்ரட் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, 2016-ல் டிரம்புக்கு 70 சதவீதம் கொடுத்தது எப்படி? ஒரே நாளில் ஊரே மனம் மாறிவிட்டதா? நிறவெறியா, வறுமையா? அப்படி மாறிய ஊர் மூன்றே வருஷத்தில் கவர்னர் தேர்தலில் மறுபடி டெமாக்ரட்டுக்குப் போட்டதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை அந்தக் கவுண்டி 2008-லேயே நழுவ ஆரம்பித்தது, 2012-ல் வெறும் 60 ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்தது, 2016-ல் விழுந்தது. ஆனால் உள்ளூர் விஷயங்களில் அதற்குப் பிறகும் பழைய கட்சியோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. வாக்குச்சீட்டின் மேல்வரிசையில் இருக்கிற அதிபர் பதவி முதலில் கைமாறியது, கீழே இருக்கிற பதவிகள் மெதுவாகப் பின்னால் வருகின்றன. ஏன் இந்த வரிசை என்று புரிந்தால் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். அதைப் புரிந்துகொள்ள டிரம்பை விட ஷெரிஃப், ஜெயிலர், பள்ளிக்கூடம், புகையிலை இவற்றைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கென்டக்கியின் வடகிழக்கில், அப்பலாச்சியன் மலையின் ஓரத்தில் இருக்கிறது எலியட். 2020 கணக்கெடுப்பில் 7,354 பேர். தலைநகரம் சாண்டி ஹூக், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் (2012-ல் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த சாண்டி ஹூக் கனெக்டிகட் மாநிலத்தில் இருப்பது, இதுவல்ல). லிட்டில் சாண்டி ஆறு அங்கே கொக்கி மாதிரி வளைவதால் வந்த பெயர். நாட்டுப்புற இசை கேட்பவர்களுக்கு கீத் விட்லி வளர்ந்த ஊர் என்று சொன்னால் தெரியும். மாநிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் 64-ஆம் எண் நெடுஞ்சாலை பக்கத்துக் கவுண்டிகள் வழியாகப் போகிறது, எலியட்டைத் தொடவே இல்லை. வேலைக்குப் பெரும்பாலானவர்கள் மோர்ஹெட், கிரேசன், ஆஷ்லாண்ட் என்று வெளியே போய்வருகிறவர்கள். ஜனங்களில் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். மாநிலத்தின் ஏழ்மையான கவுண்டிகளில் ஒன்று.

இனி அந்த 140 வருஷ விஷயம். கவுண்டி உருவானது 1869-ல், உள்நாட்டுப் போர் முடிந்து நாலே வருஷத்தில். 1872 முதல் 2012 வரை 36 அதிபர் தேர்தல், அத்தனையிலும் டெமாக்ரட். நாட்டிலேயே வேறு எந்தக் கவுண்டியும் டெமாக்ரட்டுக்கு இவ்வளவு நீளமாகத் தொடர்ந்து போட்டதில்லை. 1972-ல் நிக்சன் 49 மாநிலங்களை அள்ளியபோதும், 1984-ல் ரேகன் 49 மாநிலங்களை அள்ளியபோதும் எலியட் தோற்றவர் பக்கம்தான் நின்றது.

இதைக் கேட்டதும் அவர்கள் ஏதோ இடதுசாரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. இது போர்க் காலத்தில் எந்தப் பக்கம் நின்றோம் என்பதிலிருந்து வந்த கட்சி. கிழக்குக் கென்டக்கி மலைக் கவுண்டிகளில் பலவும் வடக்குப் படையின் பக்கம் நின்றவை, அடிமை வைத்துப் பெரிய தோட்டம் நடத்தியவர்கள் அங்கே மிகக் குறைவு. அதனால் ஜாக்சன் கவுண்டி மாதிரி இடங்கள் அன்றிலிருந்து இன்றுவரை ரிபப்ளிகன். எலியட் பக்கம் தெற்கு அனுதாபம் கொண்ட குடும்பங்கள் நிறைய. கவுண்டியின் பெயரே பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் காங்கிரசில் உறுப்பினராக இருந்த ஜான் மில்டன் எலியட்டை வைத்து வந்தது என்பார்கள், அவர் பெயரா அவருடைய அப்பா பெயரா என்பதில் இரண்டு கருத்து உண்டு. எப்படியோ, வறுமை, மதம், தொழில், பேச்சுவழக்கு எல்லாமே ஒன்றாக இருக்கும் இரண்டு மலைக் கவுண்டிகள் நூறு வருஷத்துக்கு மேலாக எதிரெதிர்க் கட்சிக்கு ஓட்டுப் போட்டன என்றால், அதில் கொள்கை எவ்வளவு, பாட்டன் எந்தப் படையில் இருந்தார் என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று, கென்டக்கியில் மாநில, உள்ளூர்த் தேர்தல்களில் 1891 வரைக்கும் ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. வாக்குச்சாவடியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். நில உரிமையாளர், கடன் கொடுத்த கடைக்காரர், மாமனார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எலியட் கவுண்டியின் முதல் இருபது வருஷப் பழக்கம் அப்படிப் படிந்தது.

அந்தப் பழக்கம் வெறும் பழக்கமாக இருந்திருந்தால் தேய்ந்து போயிருக்கும். 1930-களில் அதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் வந்து சேர்ந்தது. ரூஸ்வெல்ட் காலத்துத் திட்டங்கள் மலைப்பகுதிக்குச் சாலை வேலை கொண்டுவந்தன, 1936-க்குப் பிறகு கிராமப்புற மின்சாரக் கூட்டுறவுகளுக்குக் கடன் வந்தது. எல்லாவற்றையும் விட முக்கியம் புகையிலை. 1938 சட்டத்தின்படி ஒவ்வொரு பண்ணைக்கும் ‘இவ்வளவுதான் பயிரிடலாம்’ என்று ஒரு கோட்டா, அதற்குப் பதிலாக ஒரு அடிப்படை விலைக்கு உத்தரவாதம். மலைச்சரிவில் சோளம் போட்டால் ஒன்றும் தேறாது, ஆனால் பர்லி புகையிலை ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் போட்டாலே கிறிஸ்துமஸ் சமயத்தில் கையில் காசு வரும். வீட்டு வரி, பிள்ளைகளின் செருப்பு, கடைக் கடன் எல்லாம் அதில்தான் தீரும். கோட்டா நிலத்தோடு ஒட்டியது, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். டெமாக்ரட் கட்சி என்றால் இதைக் கொடுத்த கட்சி. வாஷிங்டன் அரசாங்கம் நல்லது செய்யும் என்பதற்கு வருஷா வருஷம் கையில் வந்த சாட்சி இது.

2004-ல் அந்தத் திட்டத்தையே ஒழித்தார்கள். கோட்டா வைத்திருந்தவர்களுக்கும் பயிரிட்டவர்களுக்கும் பத்து வருஷத்துக்குத் தவணையாக நஷ்டஈடு, நாடு முழுக்கச் சுமார் 10 பில்லியன் டாலர். கடைசித் தவணை 2014. சின்ன விவசாயிகளில் பெரும்பாலானோர் பணத்தை வாங்கிக்கொண்டு புகையிலையையே விட்டுவிட்டார்கள். தேர்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலக்கரி நிலக்கரி என்றே எழுதுகிறார்கள், எலியட்டில் நிலக்கரி அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. புகையிலைத் திட்டம் செத்த வருஷத்தையும், கடைசிக் காசோலை வந்த வருஷத்தையும், தேர்தல் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது. இது என் கணிப்பு, யாரும் நிரூபித்துக் காட்டிய விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது உள்ளூர் அரசியலுக்கு வருவோம். இதை வெளியிலிருந்து வரும் நிருபர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கென்டக்கியில் 120 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பதவிகளைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். கவுண்டியின் தலைவருக்கு ‘ஜட்ஜ் எக்ஸிக்யூட்டிவ்’ என்று பெயர், ஆனால் அவர் வழக்கு விசாரிப்பதில்லை, பட்ஜெட்டும் சாலையும்தான் அவர் வேலை. அவரோடு சேர்ந்து உட்காரும் மாஜிஸ்திரேட்டுகள், ஷெரிஃப், கவுண்டி கிளார்க், அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர், மரண விசாரணை அதிகாரி, கான்ஸ்டபிள், அப்புறம் ஜெயிலர். ஆமாம், ஜெயிலரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அமெரிக்காவிலேயே கென்டக்கியில் மட்டும். சிறையே இல்லாத கவுண்டிகளிலும் ஜெயிலர் பதவி உண்டு, கைதிகளைப் பக்கத்துக் கவுண்டிச் சிறைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அவர் வேலை. (இன்னொரு வேடிக்கை, இவர்கள் எல்லோரும் பதவியேற்கும்போது ‘நான் கொலை ஆயுதத்தோடு யாருடனும் துவந்த யுத்தம் செய்ததில்லை’ என்று இன்றைக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, யாரும் எடுத்துவிடவில்லை.)

ஏழாயிரம் பேர் உள்ள ஏழைக் கவுண்டியில் இத்தனை பதவி என்றால் என்ன அர்த்தம்? மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த வேலை அங்கே அபூர்வம். தனியார் முதலாளி என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. பள்ளி நிர்வாகம், கோர்ட்டுக் கட்டடம் (கவுண்டி அலுவலகங்கள் எல்லாம் அங்கேதான்), சாலைப் பணிப் பிரிவு, சிறை, இவைதான் நிலையான வேலை. பதவியில் இருப்பவர் தனக்குக் கீழே துணை கிளார்க், துணை ஷெரிஃப் என்று நாலு பேரை வைத்துக்கொள்வார், அந்த நாலு பேரும் பெரும்பாலும் சொந்தம் அல்லது சொந்தத்துக்குச் சொந்தம். பள்ளிக்கூட வேலைகளிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. 1990-ல் மாநிலம் முழுக்கக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, பள்ளி வாரிய உறுப்பினர்கள் ஆள் எடுப்பதில் தலையிடக் கூடாது என்று தனியாகவே ஒரு தடை போட வேண்டியிருந்தது என்றால் நிலவரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது கட்சி எங்கே வருகிறது என்று பாருங்கள். கென்டக்கியில் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், மூடிய தேர்தல். அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அதில் ஓட்டுப் போட முடியும். கட்சி மாற வேண்டுமானால் முந்தைய வருஷம் டிசம்பர் 31-க்குள் மாறியிருக்க வேண்டும். எலியட்டில் எல்லா வேட்பாளர்களுமே டெமாக்ரட்டாக நின்றதால் உண்மையான போட்டி மே மாத பிரைமரியிலேயே முடிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்கு. எனவே ஷெரிஃப் யார், உங்கள் வீட்டுச் சாலைக்குச் சரளைக்கல் போடுகிற மாஜிஸ்திரேட் யார் என்பதில் உங்களுக்கு ஒரு குரல் வேண்டுமானால் நீங்கள் டெமாக்ரட்டாகப் பதிந்திருந்தே ஆக வேண்டும். மனசுக்குள் ரேகனைப் பிடித்திருந்தாலும் சரி. தேசியக் கட்சி எந்தப் பக்கம் போனால் என்ன, மச்சான் ஜெயிலருக்கு நிற்கிறார், அவருக்கு ஓட்டு வேண்டும்.

இதனால்தான் கட்சிப் பதிவுக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த ஊர்களை அளப்பது வீண் என்கிறேன். எலியட்டில் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் டெமாக்ரட்டாகப் பதிந்திருந்தபோதே அவர்கள் டிரம்புக்கு 70 சதவீதம் போட்டார்கள். இரண்டுக்கும் முரண்பாடே இல்லை. பதிவு கோர்ட்டுக் கட்டடத்துக்கானது, ஓட்டு வாஷிங்டனுக்கானது.

பக்கத்துக் கவுண்டியான ரோவனைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2015-ல் ஒரே பாலினத் திருமணத்துக்கு உரிமம் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போன கவுண்டி கிளார்க் கிம் டேவிஸ் உலகம் முழுக்கச் செய்தியானாரே, அவர் அந்த ஊர்க்காரர். அவரைப் பழமைவாதிகளின் அடையாளமாக எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அவர் 2014-ல் ஜெயித்தது டெமாக்ரட்டாக. அவருடைய அம்மா 37 வருஷம் அதே கிளார்க் பதவியில் இருந்தவர், மகள் அம்மாவிடமே துணை கிளார்க்காக வேலை பார்த்தவர், அம்மா ஓய்வு பெற்றதும் மகள் நின்றார். மே பிரைமரியில் அவர் தாண்டியது வெறும் 23 ஓட்டில். சர்ச்சை வெடித்த பிறகுதான் ரிபப்ளிகனுக்கு மாறினார். 2018-ல் மறுபடி நின்றபோது தோற்றார், தோற்கடித்தவர் அந்த 23 ஓட்டில் முன்பு தோற்ற அதே டெமாக்ரட். தேசிய அளவில் கலாசாரப் போர், ஊருக்குள் அம்மா மகள் பதவி, இரண்டும் ஒரே மேஜையில்.

இதைப் படிக்கும் நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் நிச்சயம் வரும்: அங்கே ஓட்டுக்குக் காசு உண்டா? கிழக்குக் கென்டக்கியில் உண்டு, வழக்கும் உண்டு. எலியட்டைச் சொல்லவில்லை, தெற்கே கிளே கவுண்டியில் ஓட்டு வாங்கிய விவகாரம் ஃபெடரல் நீதிமன்றம் வரை போய் நாறியது. கொள்கைக்காகவா காசு கொடுப்பார்கள்? அங்கேயும் கோர்ட்டுக் கட்டடத்தை யார் பிடிப்பது என்ற போட்டிதான் அடியில் இருந்தது. தேர்தல் அன்று வாக்குப்பதிவு நேரத்தில் மது விற்கக் கூடாது என்ற தடையை மாநிலம் 2013-ல்தான் எடுத்தது. அந்தத் தடை ஏன் வந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது எண்கள். 2004-ல் டெமாக்ரட் ஜான் கெர்ரிக்கு எலியட்டில் கிட்டத்தட்ட 70 சதவீதம். 2008-ல் ஒபாமாவுக்கு 61. 2012-ல் அதே ஒபாமாவுக்கு 49.4, ரிபப்ளிகன் ராம்னிக்கு 46.9. 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்கு 25.9, டிரம்புக்கு 70.1. 2020-ல் டிரம்ப் நாலில் மூன்று பங்கைத் தொட்டார், 2024-ல் அதையும் தாண்டினார்.

இதில் 2008-ஐ மறுபடி பாருங்கள். நாடு முழுக்க டெமாக்ரட்டுகள் பக்கம் அலை அடித்த வருஷம், கெர்ரியை விட ஒபாமா நாட்டில் எவ்வளவோ அதிகம் வாங்கினார், ஆனால் எலியட்டில் குறைந்தது. அப்பலாச்சியா முழுக்க இதே கதை. 2012 டெமாக்ரட் பிரைமரியில் ஒபாமாவுக்கு எதிராக வேறு வேட்பாளரே இல்லாதபோது, ‘யாருக்கும் இல்லை’ என்ற கட்டத்தில் கென்டக்கி டெமாக்ரட்டுகளில் 42 சதவீதம் பேர் குத்தினார்கள், பதவியில் இருக்கும் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக. இதில் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதே சமயம் நிறம் மட்டும்தான் என்பதும் சரியாக வரவில்லை. ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழும் மலைக் கவுண்டி கறுப்பின வேட்பாளருக்கு இரண்டு முறை முதலிடம் கொடுத்தது, வெள்ளைக்காரப் பெண்மணி, அதுவும் அந்தப் பகுதியில் மிகவும் பிரபலமாக இருந்த கிளிண்டன் குடும்பத்துக்காரர் நின்றபோது பாதிக்குப் பாதியாகக் குறைத்தது. நிறவெறி மட்டுமே காரணம் என்றால் 2016-ல் ஏறியிருக்க வேண்டும்.

அந்த எட்டு வருஷத்தில் நடந்தவற்றைச் சேர்த்துப் பாருங்கள். புகையிலைத் தவணை முடிந்தது. கிழக்குக் கென்டக்கி நிலக்கரி வேலைகள் 2011-லிருந்து 2016-க்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின, எலியட்டில் சுரங்கம் குறைவு என்றாலும் லாரி ஓட்டியவர்கள், பக்கத்துக் கவுண்டியில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். விலை குறைந்த இயற்கை எரிவாயுதான் முதல் எதிரி என்று பொருளாதார நிபுணர்கள் சொன்னார்கள், ‘ஒபாமாவின் நிலக்கரி மீதான போர்’ என்று சுவரொட்டிகள் சொன்னன, எதை ஜனங்கள் அதிகம் பார்த்திருப்பார்கள்? 2015 டிசம்பரில் ஆஷ்லாண்ட் உருக்காலையின் உலையை அணைத்தார்கள், அந்தப் பகுதியில் சங்கம் வைத்துப் போராடி நல்ல சம்பளம் வாங்கித் தந்த வேலைகள் அவை. தொழிற்சங்கம் போனால் அதோடு கட்சியும் போகும், ஏனென்றால் தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு வந்து பேசுகிற ஆள் சங்கத்து ஆள்தான். அதற்கு முந்தைய ஜூனில் ஒரே பாலினத் திருமணத் தீர்ப்பு, தொடர்ந்து பக்கத்து ஊரிலேயே கிம் டேவிஸ் விவகாரம். தேவாலயமும் கட்சியும் ஒரே பக்கம் இருந்த காலம் போய், ஞாயிற்றுக்கிழமை கேட்பதும் செவ்வாய்க்கிழமை போடுவதும் இடிக்க ஆரம்பித்தது. இத்தனைக்கும் நடுவில் ‘சுரங்கத்தைத் திறப்பேன், பழைய வேலை திரும்ப வரும்’ என்று ஒருவர் வந்தார். இன்னொருவர் நிலக்கரித் தொழிலாளிகள் பலருக்கு வேலை போகும் என்கிற மாதிரி வாய்விட்டுவிட்டு பிறகு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். இதே காலத்தில் அந்த மக்களுக்கு ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. அன்றைய கவர்னர் ஸ்டீவ் பெஷியர் 2013-ல் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கினார், காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் மாநிலத்தில் பாதிக்கும் கீழே போனது. ஆனால் அவர் புத்திசாலித்தனமாக அதில் சேரும் தளத்துக்கு ‘கைனெக்ட்’ என்று ஒரு பெயர் வைத்து, ஒபாமா வாசனையே வராமல் பார்த்துக்கொண்டார். காப்பீடு வந்தது, அதற்கான பெயர் ஒபாமாவுக்குப் போகவில்லை. புகையிலைத் திட்டம் மாதிரி ‘இதைக் கொடுத்த கட்சி’ என்ற நினைவு இந்த முறை உண்டாகவே இல்லை.

இந்த இடத்தில் ராக்கி ஆட்கின்ஸைப் பற்றிச் சொல்லாமல் எலியட்டைப் பற்றி எழுதுவது சரியல்ல. சாண்டி ஹூக்காரர், மோர்ஹெட் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், 1987 முதல் 2019 வரை மாநிலச் சட்டமன்றத்தில் அந்தப் பகுதியின் பிரதிநிதி, சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவே உயர்ந்தவர். டெமாக்ரட், ஆனால் கருக்கலைப்புக்கு எதிர், நிலக்கரிக்கு ஆதரவு. தேசியக் கட்சியின் மேடையில் அவருக்கு இடமே இருந்திருக்காது, ஊரில் அவர்தான் கட்சி. பாலம் வேண்டுமா, ரோடு வேண்டுமா, மகனுக்கு ஒரு சிபாரிசு வேண்டுமா, ராக்கியிடம் போ. 2005-ல் திறந்த லிட்டில் சாண்டி சிறை மாதிரி ஒரு பெரிய அரசு வேலைவாய்ப்பு இப்படியொரு சின்னக் கவுண்டிக்கு வந்ததற்குத் தலைநகரில் செல்வாக்குள்ள ஆள் இருந்ததும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். 2016-ல் ரிபப்ளிகன்கள் 100 இடத்தில் 64-ஐப் பிடித்து, சுமார் நூறு வருஷத்தில் முதல்முறையாக மாநில சபையைக் கைப்பற்றினார்கள். அந்த வெள்ளத்திலும் ஆட்கின்ஸ் சாதாரணமாக ஜெயித்தார். அதே நாளில் அதே வாக்குச்சாவடியில் அதே ஆட்கள் மேலே டிரம்பையும் கீழே ராக்கியையும் தேர்ந்தெடுத்தார்கள். கென்டக்கியில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்பினால் முழுக் கட்சிக்கும் ஓட்டு விழும் வசதி இன்னமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு மெனக்கெட்டு பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

2019-ஐ இந்த வெளிச்சத்தில் பாருங்கள். கவர்னர் மேட் பெவின், ரிபப்ளிகன், ஆசிரியர்களின் ஓய்வூதியத்தில் கைவைத்தார். அந்த மாற்றத்தைக் கழிவுநீர் சம்பந்தமான ஒரு மசோதாவுக்குள் நுழைத்து அவசரமாக நிறைவேற்றினார்கள், மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. எதிர்த்த ஆசிரியர்களை அவர் பேசின பேச்சு வேறு. பள்ளிக்கூடமே பெரிய முதலாளியாக இருக்கும் கவுண்டியில் ஆசிரியரைத் திட்டுவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு டீச்சரோ, பள்ளிப் பேருந்து ஓட்டுநரோ, சமையல்காரரோ இருப்பார். எதிர்த்து நின்ற டெமாக்ரட் ஆண்டி பெஷியர் (முன்னாள் கவர்னர் ஸ்டீவ் பெஷியரின் மகன்) மாநில அளவில் ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான் ஜெயித்தார், எலியட் அவர் பக்கம் நின்றது. அந்த வருஷ டெமாக்ரட் பிரைமரியில் இரண்டாவதாக வந்த ஆட்கின்ஸ் தோற்ற பிறகும் அவருக்காகப் பிரசாரம் செய்தார் என்பதும் உதவியிருக்கும். அவர்கள் மறுபடி ‘மாறினார்கள்’ என்று இதைப் படிக்கத் தேவையில்லை. கவர்னர் தேர்தல் அவர்களுக்கு இன்னும் கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பெஷியரின் ஆலோசகராக ஆட்கின்ஸ் பதவி விலகிப் போனதும் 2020 பிப்ரவரியில் அந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல். ரிபப்ளிகன் ஜெயித்தார். அந்த இடத்தைக் கட்சி வைத்திருக்கவில்லை, ஒரு ஆள்தான் வைத்திருந்தார் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. 2022-ல் மாநில அளவில் வாக்காளர் பதிவிலும் ரிபப்ளிகன்கள் முந்தினார்கள். இப்படிப்பட்ட கவுண்டிகளில் இதன் விளைவு என்னவென்றால், மே மாதப் பிரைமரியின் கணக்கு தலைகீழாகிறது. நாலு பேர் ஷெரிஃப் பதவிக்கு ரிபப்ளிகனாக நிற்க ஆரம்பித்தால், முன்பு எந்தக் காரணத்துக்காக டெமாக்ரட்டாகப் பதிந்திருந்தார்களோ அதே காரணத்துக்காகக் கட்சி மாறுவார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டினால் திரும்பி வருவது மிகக் கஷ்டம், ஏனென்றால் அப்போது மச்சான் அந்தப் பக்கம் நிற்பார்.

சிறையைப் பற்றி ஒரு துணைக்குறிப்பு, புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம். கவுண்டியின் மக்கள்தொகை 2000-ல் 6,748, 2010-ல் 7,852. ஆஹா ஊர் வளர்கிறது என்று தோன்றும். நடுவில் திறந்த சிறையில் சுமார் ஆயிரம் கைதிகள், கணக்கெடுப்பு அவர்களையும் அந்த ஊர்க்காரர்களாகவே எண்ணுகிறது. அவர்கள் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஓட்டும் கிடையாது. அதனால் ‘இந்தக் கவுண்டியில் வாக்குப்பதிவு சதவீதம் குறைவு’ என்று மக்கள்தொகையை வைத்து வகுத்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக, இது முழுக்க ‘சிவப்பு’ (ரிபப்ளிகன் நிறம்) ஆகிவிட்டது, இனி ரிபப்ளிகன் எதைச் சொன்னாலும் கேட்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு 2024-ஐக் காட்டுவேன். அந்த நவம்பரில் கென்டக்கி டிரம்புக்கு ஏறக்குறைய 65 சதவீதம் போட்டது. அதே வாக்குச்சீட்டில் இரண்டாவது திருத்தம் என்று ஒன்று இருந்தது, பொதுப் பணத்தைத் தனியார் பள்ளிகளுக்குத் திருப்பிவிட வழி திறக்கும் அரசியல் சட்டத் திருத்தம், மாநில ரிபப்ளிகன் தலைமை முழு மூச்சாக ஆதரித்தது. அதையும் ஏறக்குறைய அதே 65 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 120 கவுண்டிகளில் ஒன்றில்கூட அது ஜெயிக்கவில்லை, எலியட் உட்பட. மலைக் கவுண்டிகளில் தனியார் பள்ளி என்று ஒன்று பெரும்பாலும் இல்லவே இல்லை, இருக்கிற அரசுப் பள்ளியிலிருந்து பணம் போனால் யார் வேலை போகும் என்று அவர்களுக்கு ஆள் ஆளாகப் பெயர் சொல்லத் தெரியும். அடுத்து 2026-ல் ஷெரிஃப், ஜெயிலர் உட்பட எல்லாக் கவுண்டிப் பதவிகளுக்கும் தேர்தல். எலியட் எங்கே போகிறது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அதிபர் தேர்தல் வரைபடத்தை விட்டுவிட்டு, அந்த மே மாதம் எந்தக் கட்சியின் பிரைமரியில் அதிகம் பேர் போட்டியிட்டார்கள் என்று பாருங்கள்.